வடக்கு ஏரி சூடாகிறதா? கரையில் இருந்து பார்த்துப் பதிவு செய்யும் முறை

ஜூலை மாதத்தில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஏரியொன்றில் இறங்கிக் குளித்தவர்கள் பலரும், இந்த ஆண்டு தண்ணீர் வழமையைவிடச் சூடாக இருப்பதாகச் சொல்வார்கள். சொன்னது பொய்யில்லை, ஆனால் அது அந்தக் கிழமையின் வெயிலையும் காற்றையும் பற்றிய செய்தி மட்டுமே. ஏரியின் மேற்பரப்பு ஓரிரு நாட்களிலேயே சூடேறும், ஒரு பலத்த காற்று அடித்தால் ஒரே இரவில் குளிர்ந்தும் விடும். ஆகவே காலநிலை வெப்பமாதல் ஒரு வடக்கு ஏரியை எப்படி மாற்றுகிறது என்பதைத் தாமே கவனித்து எழுத விரும்புகிறவர்கள், துறைமேடையில் இருந்து வெப்பமானியை நனைப்பதில் தொடங்கக் கூடாது. வடக்கில் வெப்பமாதல் முதலில் பாகைக் கணக்கில் தெரிவதில்லை, நாட்கணக்கில்தான் தெரிகிறது. ஏரி எப்போது உறைந்தது, எப்போது உருகியது, நீர் எப்போது அடுக்குகளாகப் பிரிந்தது, அந்தப் பிரிவு எத்தனை நாள் நீடித்தது என்ற நாட்குறிப்பே முதற்சான்று. வெப்பமானிக்கு இடம் உண்டு, ஆனால் அது இரண்டாம் இடம்.

இந்த வழிகாட்டி கனடா, பின்லாந்து, சுவீடன், நோர்வே போன்ற நாடுகளில் ஏரிக்கரையில் வசிப்பவர்களுக்கும், ஆண்டுதோறும் ஒரே ஏரிக்குப் போய்வருபவர்களுக்கும் உரியது. பெரிய கருவிகள் தேவையில்லை. பொறுமையும், ஒருமுறை வகுத்த விதியை மாற்றாத பிடிவாதமும் தேவை.

பனிக்கட்டியின் தேதிகள்

மனிதர் கருவிகள் இல்லாமல் எழுதிவைத்த மிகப் பழைய காலநிலைப் பதிவுகளுள் ஏரி, ஆறுகளின் பனிக்கட்டிப் பதிவுகள் சிலவும் அடங்கும். ஜப்பானின் சுவா ஏரியில் ஷிண்டோ ஆலயப் பூசகர்கள் 1443 முதல் ஏரி உறைந்த நாளைக் குறித்து வந்துள்ளார்கள். பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் எல்லையாக ஓடும் தோர்னே ஆற்றில் பனிக்கட்டி உடைந்து நகரும் நாளை 1693இல் ஒரு வணிகர் குறிக்கத் தொடங்கினார். பூசகர்கள் ஒரு தெய்வம் உறைந்த ஏரியைக் கடந்து செல்வதாக நம்பினார்கள். வணிகருக்கு ஆற்றுப் போக்குவரத்து எப்போது திறக்கும் என்ற கவலை. இருவருக்கும் காலநிலை ஆய்வு நோக்கமில்லை. ஆனால் ஒரே இடத்தில், ஒரே அடையாளத்தைப் பார்த்து, தலைமுறைகள் மாறியும் விடாமல் எழுதியதால்தான் அந்தக் குறிப்புகளை இன்று ஆய்வாளர்கள் எடுத்தாள முடிகிறது.

ஆகவே முதல் வேலை, விதியை எழுதிக்கொள்வது. “ஏரி உறைந்தது” என்றால் என்ன? கரையோரம் கண்ணாடிபோல் ஒரு படலம் தோன்றினால் போதுமா, ஏரி முழுவதும் மூடப்பட வேண்டுமா? மூடியது மறுநாள் காற்றில் உடைந்தால் எந்த நாளைக் கணக்கில் எடுப்பது? எதை ஏற்றாலும் தவறில்லை; ஆண்டுக்கு ஆண்டு மாற்றுவதுதான் தவறு. வழக்கத்தில் நன்றாக உதவும் விதி இது: ஒரு நிலையான இடத்தில் நின்று, எதிர்க்கரையில் உள்ள ஒரு நிலையான அடையாளம் வரை (ஒரு பாறை, ஒரு படகுவீடு) பார்க்கும்போது திறந்த நீர் தெரியாமல் இருக்கும் முதல் நாள் உறைநாள், அதே பார்வைக்கோட்டில் பனிக்கட்டி இல்லாமல் போகும் நாள் உருகுநாள். உறைந்து மீண்டும் திறந்தால், எல்லாத் தேதிகளையும் எழுதவேண்டும். பனிக்காலம் நடுவில் முறிந்து மீண்டும் தொடங்குவதே இக்காலத்தின் முக்கியமான செய்தி என்பதால், அதைச் சுருக்கி ஒரு தேதியாக்கிவிடக் கூடாது.

விதி எவ்வளவு திட்டவட்டமாக இருக்கலாம் என்பதற்கு அலாஸ்காவின் நெனானா ஊர் நல்ல எடுத்துக்காட்டு. அங்கு தனனா ஆற்றின் பனிக்கட்டிமேல் ஒரு மரச்சட்டத்தை நட்டு, அதிலிருந்து ஒரு கம்பியைக் கரையிலுள்ள மணிக்கூட்டுக்குக் கொண்டுசெல்கிறார்கள். இளவேனிலில் பனி உடைந்து சட்டம் ஏறத்தாழ 30 மீற்றர் நகரும்போது கம்பி இழுபட்டு மணிக்கூடு நின்றுவிடும். அந்த நாளையும் நிமிடத்தையும் சரியாக ஊகித்தவருக்குப் பந்தயப் பணம். 1917இல் ரயில்பாதை போட வந்த பொறியியலாளர்கள் பொழுதுபோக்காகத் தொடங்கிய இந்தப் பந்தயம் ஒரு நூற்றாண்டைக் கடந்தும் நடக்கிறது. பணம் சம்பந்தப்பட்டதால் எவரும் தேதியைக் குத்துமதிப்பாகச் சொல்லி ஒப்பேற்ற முடியவில்லை. சூதாட்டம் அறிவியலுக்குச் செய்த அரிய உபகாரம் என்றுதான் சொல்லவேண்டும். அந்தப் பதிவில் மிகப் பிந்திய உடைவு 1964 மே 20. மிக முந்தியது 2019 ஏப்ரல் 14.

வடவரைக்கோளத்தின் 39 ஏரி, ஆற்றுப் பதிவுகளை ஒன்றாக ஆராய்ந்த 2000ஆம் ஆண்டின் ஆய்வொன்று, 1846 முதல் 1995 வரையான காலத்தில் உறைநாள் ஒரு நூற்றாண்டுக்கு 5.8 நாட்கள் பிந்தியும் உருகுநாள் 6.5 நாட்கள் முந்தியும் சென்றதாகக் கண்டது. நாட்கள் குறைவாகத் தெரியலாம். ஆனால் இது சராசரி. தனித்தனி ஏரிகளில் ஆட்டம் மிகப் பெரிது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் உள்ள மெண்டோட்டா ஏரி, பதிவு தொடங்கிய 1850களில் ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு மாதம் உறைந்து கிடந்தது. 2001–02 குளிர்காலத்தில் 21 நாட்கள் மட்டுமே உறைந்திருந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் தவறாமல் உறைந்துவந்த ஏரி, சில ஆண்டுகளில் உறையாமலே போகும் ஏரியாக மாறுவது அடுத்த கட்டம். இப்போது ஏறத்தாழ 14,800 ஏரிகள் அந்த நிலையில் இருப்பதாகவும், உலகச் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்திய அளவிலிருந்து 2 பாகை உயர்ந்தால் அத்தொகை 35,300 ஆகும் என்றும் 2019இல் வெளியான கணிப்பொன்று கூறுகிறது.

தேதியோடு பனிக்கட்டியின் தன்மையையும் எழுதுவது நல்லது. அமைதியான கடுங்குளிரில் உறையும் பனிக்கட்டி தெளிவானது; அதனூடே அடியிலுள்ள நீர் கறுப்பாகத் தெரியும், அதனால் அதைக் கறுப்புப் பனிக்கட்டி என்கிறார்கள். மேலே விழுந்த வெண்பனி நனைந்து மீண்டும் உறையும்போது உண்டாவது வெள்ளைப் பனிக்கட்டி. குளிர்காலம் இளஞ்சூடாகும்போது வெள்ளைப் பனிக்கட்டியின் பங்கு கூடுகிறது. அது ஒளியைக் குறைவாகவே உள்ளே விடுவதால் பனியின் கீழ் வளரும் பாசிகளுக்குப் பாதிப்பு. கறுப்புப் பனிக்கட்டியின் பாதி வலுவே அதற்கு உண்டு என்பதால் மேலே நடப்பவர்களுக்கும் ஆபத்து. தெளிவான புதிய பனிக்கட்டி 10 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் இருந்தால்தான் ஒருவர் நடந்து செல்லலாம் என்பது பொதுவான பாதுகாப்பு விதி. இளவேனிற் பனிக்கட்டிக்கு எந்தத் தடிப்பும் உத்தரவாதமில்லை. உறைநாள், உருகுநாள் இரண்டையும் கரையில் நின்றே குறிக்கலாம். அதற்காக எவரும் பனியில் கால்வைக்கத் தேவையில்லை.

ஆழத்தில் வெப்பநிலை

நீர் 4 பாகை செல்சியசில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். வடக்கு ஏரிகளின் வாழ்வு முழுவதும் இந்த ஓர் இயல்பின்மீது கட்டப்பட்டது. இளவேனிலில் பனி உருகியதும் மேல்நீர் 4 பாகையை எட்டும்போது ஏரி முழுவதும் ஒரே அடர்த்தியாகி, காற்று அதை அடிவரை கலக்கிவிடுகிறது. ஆழத்துக்கு ஒட்சிசன் போய்ச் சேருவது அப்போதுதான். பிறகு மேல்நீர் சூடாகி இலேசாவதால் கீழிருக்கும் குளிர்நீரோடு கலக்க முடியாமல் மிதக்கிறது. மேற்படை, விரைவாகக் குளிரும் இடைப்படை, குளிர்ந்த கீழ்ப்படை என்ற மூன்று அடுக்குகள் அமைந்து, இலையுதிர்காலக் கலப்பு வரும்வரை நீடிக்கின்றன. கீழ்ப்படைக்கு அதுவரை புதிய ஒட்சிசன் ஏறத்தாழக் கிடைப்பதேயில்லை.

இதனால்தான் பனியின் தேதி இவ்வளவு முக்கியமாகிறது. பனி முந்தி உருகினால் நீர் முந்தியே வெயிலை வாங்கத் தொடங்கும், அடுக்குகள் முந்தி அமையும், கோடை நீளும். வட அமெரிக்கப் பேரேரிகளில் ஒன்றான சுபீரியர் ஏரியில் இது தெளிவாகக் காணப்பட்டது. 1979 முதல் 2006 வரை அதன் கோடைகால மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 2.5 பாகை சூடேறியது. அதைச் சூழ்ந்த காற்றைவிட நீர் வேகமாகச் சூடானது. குளிர்காலப் பனிப்பரப்பு சுருங்கியதும், அதனால் அடுக்கமைவு முந்தியதும் அதற்கு முக்கியக் காரணங்கள். உலகின் 235 ஏரிகளின் 1985–2009 காலத் தரவைத் தொகுத்த ஆய்வு, கோடை மேற்பரப்பு வெப்பநிலை பத்தாண்டுக்கு 0.34 பாகை வீதம் உயர்ந்ததாகக் கண்டது. குளிர்காலத்தில் உறையும் ஏரிகள் பல அந்த வேகத்தை மிஞ்சியிருந்தன.

அளக்கும் முறை இது. ஏரியின் மிக ஆழமான இடத்தைக் கண்டுபிடித்து, கரையிலுள்ள இரண்டிரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்தோ செய்மதி இடங்காட்டியாலோ அதைக் குறித்துக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நங்கூரமிட்டு, வடம் பூட்டிய வெப்பமானியை மீற்றர் மீற்றராக இறக்கி வாசிக்கவேண்டும். ஓகஸ்ட் மாதத்தில் ஒன்ராறியோவின் பாறை நிலத்து ஏரியொன்றில் வாசிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி: மேற்பரப்பில் 23 பாகை, 2, 3, 4 மீற்றர்களிலும் ஏறத்தாழ அதே எண் சலிப்பூட்டும்படி திரும்பத் திரும்ப வரும், 5 மீற்றரில் 21, 6இல் 17, 7இல் 13, 8இல் 10, அதன்பின் மெதுவாக இறங்கி 15 மீற்றரில் 6. ஒரு மீற்றருக்கு ஒரு பாகைக்கு மேல் விழும் பகுதிதான் இடைப்படை. அது எந்த ஆழத்தில் தொடங்குகிறது, எந்த நாளில் முதலில் தோன்றியது, எந்த நாளில் கலைந்தது என்ற மூன்றையும் எழுதிவைத்தால், மேற்பரப்பின் பாகைக் கணக்கைவிட அது பல மடங்கு பயன் தரும்.

வடம் பூட்டிய வெப்பமானி கிடைக்காவிட்டால் பழைய முறை ஒன்று உண்டு. எடை கட்டிய தடித்த போத்தலைத் தக்கையால் மூடி, தக்கைக்குத் தனிக்கயிறு கட்டி, வேண்டிய ஆழத்தில் தக்கையை இழுத்துவிட்டால் அந்த ஆழத்து நீர் நிரம்பும்; விரைந்து தூக்கி உடனே வெப்பநிலை பார்க்கவேண்டும். அரைப் பாகை பிசகலாம், இடைப்படையைக் கண்டுபிடிக்க அது போதும். செலவு செய்யக்கூடியவர்கள், தானாகவே மணிக்கொருமுறை பதியும் சிறு வெப்பப் பதிகருவிகளை ஒரு கயிற்றில் மீற்றருக்கு ஒன்றாகக் கட்டி நிறுத்தலாம். குளிர்காலத்திலும் விட்டுவைப்பதாயின் மேல்மிதவை மேற்பரப்புக்கு 2 மீற்றர் கீழே இருக்கவேண்டும். இல்லையேல் இளவேனிலில் நகரும் பனிக்கட்டி கயிற்றோடு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும். எந்தக் கருவியானாலும் பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் நொறுக்கிய பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து அது 0 காட்டுகிறதா என்று சோதித்து, காட்டும் பிசகைக் குறிப்பில் எழுதவேண்டும். பல ஆண்டுப் பதிவில் கருவியின் மெல்லிய பிசகு காலநிலை மாற்றம்போலவே வேடமிட்டு வரும்.

ஒட்சிசனும் குளிர்நீர் மீன்களும்

0 பாகை நீரில் லீற்றருக்கு 14.6 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 10 பாகையில் 11.3, 20இல் 9.1, 25இல் 8.3. சூடான நீர் ஒட்சிசனைக் குறைவாகத் தாங்குகிறது என்பது இதில் ஒரு பகுதி மட்டுமே. அடுக்கமைவு நீள்வதால் கீழ்ப்படை, இளவேனிலில் வாங்கிய ஒட்சிசனை வைத்து இன்னும் பல நாள் தாக்குப்பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதே பெரிய பகுதி. மேலிருந்து விழும் இறந்த பாசிகளை அடியிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைக்கச் சிதைக்க அந்த இருப்புக் கரைந்துகொண்டே போகும். மிதவெப்ப மண்டலத்தின் ஏறத்தாழ 400 ஏரிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளிவந்த கட்டுரை, மேல்நீரில் ஒட்சிசன் 5.5 சதவீதமும் ஆழ்நீரில் 18.6 சதவீதமும் குறைந்ததாகக் காட்டியது. இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரமே, கரையோர அளவீட்டை மட்டும் நம்பக் கூடாது என்பதற்குப் போதிய காரணம்.

ஆகவே ஒட்சிசனை அளப்பதற்கு ஆண்டில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால், ஓகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரையான நாட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். கீழ்ப்படையின் இருப்பு மிகக் குறைந்திருப்பது அப்போதுதான். துளித்துளியாக மருந்து விட்டு நிறமாற்றம் பார்க்கும் சிறு சோதனைப் பெட்டியே தொடக்கத்துக்குப் போதும். ஏரி ட்ரவுட் என்னும் ஆழ்நீர் மீன் வாழும் ஏரிகளுக்கு, கீழ்ப்படையின் சராசரி ஒட்சிசன் லீற்றருக்கு 7 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்பதை ஒன்ராறியோ மாகாணம் அளவுகோலாகக் கொண்டிருக்கிறது. கரையோரத்தில் புதிய வீடுகளுக்கு இடமளிக்கலாமா என்ற முடிவுகூட அதைப் பார்த்தே எடுக்கப்படுகிறது.

ஏரி ட்ரவுட்டின் நிலை இந்த விடயம் முழுவதையும் விளக்கிவிடும். அதற்குக் குளிர்நீரும் வேண்டும், நிறைய ஒட்சிசனும் வேண்டும். கோடையில் மேல்நீர் அதற்குச் சூடு. அடிநீரில் ஒட்சிசன் போதாது. இரண்டுக்கும் நடுவே உள்ள ஒரு மெல்லிய படையில் அது ஒதுங்கி நிற்கிறது. மேலிருந்து சூடும் கீழிருந்து ஒட்சிசனின்மையும் நெருங்க நெருங்க அந்தப் படை மெலிகிறது. ஆனால் கதை அத்தோடு முடிவதில்லை. பனி உருகியதிலிருந்து கரையோர நீர் சூடாகும்வரை உள்ள சில கிழமைகள் அதற்குக் கரையோரச் சிறுமீன்களைப் பிடித்துண்ணும் காலம். ஒன்ராறியோவின் கெனோராவுக்கு அருகிலுள்ள ஆய்வு ஏரிகளில் ஆண்டுக்கணக்காக மீன்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், இளவேனில் குறுகி கோடை நீண்ட ஆண்டுகளில் அவை கரையோரம் வருவது குறைந்து, நடுநீரின் சிற்றுயிர்களையே பெரிதும் உண்டு, உடல் தேறாமல் போனது தெரிந்தது. ஒரு மீனும் செத்து மிதக்கவில்லை. கரையிலிருந்து பார்ப்பவருக்கு ஏரி அப்படியே இருந்திருக்கும்.

இதே நாட்காட்டிக் கணக்கு வெதுநீர் மீனான ஸ்மோல்மவுத் பாஸுக்குச் சாதகமாகிறது. அதன் குஞ்சுகள் முதற்கோடையில் போதிய அளவு வளர்ந்து கொழுத்தால்தான், உணவின்றிக் கழியும் முதற் குளிர்காலத்தைத் தாண்டும். முன்பு வடக்கின் குறுங்கோடை அவற்றைத் தடுத்து நிறுத்தியது. இப்போது கோடை நீண்டு குளிர்காலம் குறுகுவதால் எல்லை வடக்கே நகர்கிறது. பாஸ் வந்த ஏரிகளில் கரையோரச் சிறுமீன்கள் அருகி, ஏரி ட்ரவுட்டின் உணவு இன்னொரு முனையிலும் சுருங்குகிறது. ஆனால் குறிப்பேட்டில் ஒன்றைச் சேர்த்து எழுதவேண்டும்: பாஸ் மீனைப் பல ஏரிகளுக்குக் கொண்டுபோய் விட்டது காலநிலை அல்ல, தூண்டிற்காரர்கள். வந்து சேர்ந்தது மனிதரால், நிலைத்தது வெப்பத்தால்.

எதிர்த்திசையில் செல்லும் மாற்றமும் உண்டு. ஆழமற்ற ஏரிகளில், கனத்த வெண்பனி மூடிய நீண்ட குளிர்காலங்களில், பனியின் கீழ் ஒட்சிசன் தீர்ந்து மீன்கள் கூட்டமாகச் சாவது பழைய நிகழ்வு. பனிக்காலம் குறுகும்போது அது குறையக்கூடும். கெட்டது மட்டுமே கண்ணில் படும்படி எழுதிய குறிப்பேடு நம்பத்தக்கதல்ல.

தெளிவும் நிறமும்

நீரின் தெளிவை அளக்க 1865இல் இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்சலோ செக்கி கையாண்ட வெள்ளை வட்டின் திருத்திய வடிவமே இன்றும் பயன்படுகிறது. 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தட்டில் கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கால்வட்டங்கள். காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில், படகின் நிழல் விழும் பக்கத்தில், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வட்டை இறக்கி அது மறையும் ஆழத்தையும், மீண்டும் தூக்கும்போது தெரியும் ஆழத்தையும் குறித்து, இரண்டின் சராசரியை எழுதவேண்டும். எழுதியவரின் பெயரையும் சேர்த்து எழுதுவது நல்லது. கண்கள் மாறினால் எண்ணும் சற்றே மாறும்.

அளப்பது எளிது, பொருள்கொள்வது கடினம். கெனோரா ஏரிகளில் 1960களின் இறுதியிலிருந்து இருபது ஆண்டுகள் எடுத்த பதிவை 1990இல் வெளியிட்டபோது, காற்றும் நீரும் ஏறத்தாழ 2 பாகை சூடாகி, பனியில்லாக் காலம் மூன்று கிழமை நீண்டிருந்தது. அதோடு ஏரிகள் தெளிந்தும் இருந்தன. வறட்சியால் ஓடைகள் வற்றி, காட்டு மண்ணிலிருந்து தேநீர்ச் சாயம்போல் இறங்கிவரும் கரிமப் பொருள் குறைந்ததே காரணம். ஸ்கண்டிநேவியாவில் நேர்மாறாகப் பல ஏரிகள் பழுப்பேறி இருண்டு வந்துள்ளன. அங்கு அமில மழை குறைந்ததால் மண் மீண்டும் கரிமப் பொருளை விடுகிறது, மழை கூடுகிறது, காடு அடர்கிறது. மூன்றில் ஒன்றுதான் நேரடியாகக் காலநிலையின் வேலை. ஆகவே செக்கி ஆழம் கூடியதா குறைந்ததா என்பதை மட்டும் கொண்டு வெப்பமாதல் என்று தீர்ப்பெழுதக் கூடாது. வெள்ளைக் கிண்ணத்தில் நீரை மொண்டு அதன் நிறத்தையும் எழுதவேண்டும். பச்சையாக மங்கினால் பாசி, பழுப்பாக மங்கினால் காட்டு மண்.

பச்சையில் நீலப்பச்சைப் பாசி தனியாகக் கவனிக்கத்தக்கது. அது சூடான, அசையாத நீரை விரும்புகிறது. உடலிலுள்ள வாயுப்பைகளால் மேலெழுந்து ஒளியைப் பிடித்துக்கொள்கிறது. கழிவும் உரமும் சேரும் ஏரிகளின் தொல்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்ட இது, இப்போது சத்துக் குறைந்த தூய ஏரிகளிலும் தோன்றுகிறது. ஒன்ராறியோவின் அல்கோன்குயின் பூங்காவின் உட்பகுதியிலுள்ள டிக்சன் ஏரியில் 2014இல் அது படர்ந்தது. சுபீரியர் ஏரியின் தென்கரையில் 2012இலும் 2018இலும் படர்ந்தது. பச்சைச் சாயம் கொட்டியதுபோல் நீர்மேல் படலம் தெரிந்தால் படம் எடுத்து, தேதியும் காற்றின் திசையும் எழுதி, உள்ளூர்ச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்கவேண்டும். அது நஞ்சுடையதாக இருக்கலாம் என்பதால் கையால் அள்ளிப் பார்க்கக் கூடாது. பிள்ளைகளையும் நாய்களையும் நீரில் விடக் கூடாது.

இவற்றைத் தலைமுறைகளாகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சைபீரியாவின் பைக்கால் ஏரியே சான்று. மிகயில் கோஜோவ் என்னும் உயிரியலாளர் 1940களில் கரையிலிருந்து சில கிலோமீற்றர் தள்ளிய ஓரிடத்தில் நீரும் மிதவையுயிர்களும் எடுக்கத் தொடங்கினார். அவருக்குப் பின் மகள் ஓல்கா, அவருக்குப் பின் பேத்தி லியூபோவ். மூன்று தலைமுறைப் பதிவை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டபோது, மேல்நீர் 1946க்குப் பின் 1.21 பாகை சூடாகியிருந்தது தெரிந்தது. அவ்வளவு குளிர்ந்த, அவ்வளவு பெரிய ஏரி வெப்பமாதலுக்கு எளிதில் அசையாது என்ற எண்ணம் அதோடு தகர்ந்தது. பைக்காலின் உணவு வலை, தெளிந்த பனிக்கட்டியின் கீழ் இளவேனிலில் பெருகும் பாசிகளில் தொடங்குவதால், அங்கும் முதற்கேள்வி பனியைப் பற்றியதாகவே இருக்கிறது.

எட்டாத வடக்கை எட்டிப் பார்த்தல்

ஆர்க்டிக் பகுதியின் ஏரிகளுக்கு வாளியும் கயிறுமாகப் போக முடியாது. ஆனால் 1972 முதல் எடுக்கப்பட்ட லேண்ட்சாட் செய்மதிப் படங்கள் 2008இலிருந்து எவருக்கும் இலவசம். 2015 முதல் சென்டினல்-2 படங்கள் இன்னும் தெளிவாகக் கிடைக்கின்றன. ஒரே இடத்தின் ஓகஸ்ட் மாதப் படங்களைப் பத்தாண்டு இடைவெளியில் அடுக்கிப் பார்த்தால் மாற்றம் தெரியும். நிலம் நிரந்தரமாக உறைந்திருக்கும் இடத்தில் ஏரியடியிலுள்ள உறைமண் நீர் இறங்காமல் தாங்கி நிற்கிறது. அது உருகும்போது முதலில் நிலம் குழிந்து ஏரி பெரிதாகும். உருகல் ஊடுருவி அடி திறந்துகொண்டால் ஏரி வடிந்து மறையும். மேற்குச் சைபீரியாவில் 1973ஆம் ஆண்டுப் படங்களை 1997–98 படங்களோடு ஒப்பிட்டவர்கள், 40 ஹெக்டயருக்கு மேற்பட்ட ஏரிகளின் தொகை 11 சதவீதம் குறைந்ததையும், 125 ஏரிகள் அடியோடு மறைந்ததையும் கண்டார்கள். அதே ஒப்பீட்டில் உறைநிலம் இன்னும் முழுமையாக இருந்த வடபகுதியில் ஏரிப்பரப்பு கூடியிருந்தது. ஆகவே ஏரி சுருங்கியதையும் பெருகியதையும் காணும்போது, இரண்டும் ஒரே காரணத்தின் வெவ்வேறு கட்டங்களாக இருக்கலாம். அவ்வாண்டின் மழையளவைப் பார்க்காமல் எந்த ஒப்பீட்டையும் முடிக்கக் கூடாது.

படத்தில் நேராகவே தெரியும் வேறு சில உண்டு. அலாஸ்காவின் புரூக்ஸ் மலைத்தொடரில் தெளிந்தோடிய 75 ஓடைகள் செம்மஞ்சளாகியதை 2024இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. உறைமண் உருகி, அதுவரை மூடிக்கிடந்த கந்தகக் கனிமங்கள் நீரோடும் காற்றோடும் சேர்ந்து அமிலத்தையும் இரும்பையும் விடுவதே காரணம் எனக் கருதப்படுகிறது. கனடாவின் யூக்கொன் பகுதியில் 2016 இளவேனிலில், கஸ்கவுல்ஷ் பனியாறு பின்வாங்கியதால் அதன் உருகுநீர் திசைமாறி, குளுவானி ஏரிக்குச் சென்ற ஆறு சில நாட்களிலேயே ஏறத்தாழ வற்றி, ஏரியின் மட்டமும் இறங்கியது. ஓர் ஆறு இன்னொரு ஆற்றின் நீரைப் பறிப்பதைப் புவியியல் பாடத்தில் மட்டுமே படித்தவர்களுக்கு அது கண்முன் நடந்தது.

பதிவைப் பேணுதல்

ஒவ்வொரு குறிப்பிலும் தேதி, நேரம், இடம், கருவி, எழுதியவர், அன்றைய காற்றும் முகிலும் இருக்கவேண்டும். போகாத நாளுக்கு ஊகித்து எண் போடக் கூடாது. வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கட்டும். துறைமேடையை நகர்த்தினாலோ, ஏரியின் வெளிவாயிலில் அணையை உயர்த்தினாலோ, கரையில் புதுவீடுகள் எழுந்தாலோ, அந்நிய உயிரினம் ஒன்று வந்தாலோ அவற்றையும் எழுதவேண்டும். பின்னாளில் வெப்பத்தின் வேலையை மற்றவற்றின் வேலையிலிருந்து பிரித்தெடுக்க உதவுவது இந்தப் பக்கக்குறிப்புகளே.

பதிவை வீட்டு மேசையறையில் பூட்டி வைப்பதால் பயனில்லை. ஒன்ராறியோவில் டோர்செட் சுற்றுச்சூழல் அறிவியல் நிலையத்தின் வழியாக நடக்கும் ஏரிப் பங்காளர் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தால் செக்கி வட்டும் மாதிரிப் போத்தல்களும் கிடைக்கும். பாறை நில ஏரிகளில் மே மாதத்தில், பாசிகளை வளர்க்கும் சத்தான பொசுபரசை அளப்பதற்கான நீர் மாதிரியை எடுத்து அனுப்புவதோடு, பனியில்லா மாதங்களில் தெளிவையும் அளந்து எழுதவேண்டும். கனடாவின் ஐஸ்வாட்ச் திட்டம் உறைநாள், உருகுநாள்களை ஏற்கிறது. பின்லாந்தில் இருப்பவர்கள் யார்விவிக்கி என்னும் ஏரித் தளத்தில் தம் ஏரியின் பக்கத்திலேயே பதியலாம்.

முதல் ஐந்தாறு ஆண்டுகளில் எந்தப் போக்கும் தெரியாது, சில வேளை நேர்மாறாகவும் தெரியும். வட அமெரிக்கப் பேரேரிகளில் 2012 குளிர்காலத்தின் உச்சப் பனிப்பரப்பு ஏறத்தாழ 13 சதவீதம் மட்டுமே. இரண்டே ஆண்டு கழித்து, 2014இல், அது 90 சதவீதத்தைத் தாண்டியது. அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்திருந்தவர் ஏரிகள் குளிர்வதாகவே சொல்லியிருப்பார். பத்து ஆண்டுக்குப் பின் உருகுநாட்களை ஆண்டுவாரியாகக் கட்டத்தாளில் புள்ளியிட்டு, அருகிலுள்ள வானிலை நிலையத்தின் மார்ச், ஏப்ரல் மாதச் சராசரிகளை அதன் கீழேயே புள்ளியிட்டுப் பார்க்கலாம். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் பதிவு ஒழுங்காக நடக்கிறது என்று கொள்ளலாம். சேராத ஆண்டு ஒன்று இருந்தால், போக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த ஆண்டின் குறிப்பை மீண்டும் எடுத்து, விதி மாறியதா, பார்த்த இடம் மாறியதா, எழுதியவர் மாறினாரா என்று சரிபார்க்கவேண்டும்.